உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: புதிதாக பிரஷர் வந்தவர்களுக்கு

கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தேன். பல் டாக்டர் ஊசி போடும் முன் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். 168/104. "இன்னைக்குப் பல்லு எடுக்க முடியாதும்மா. முதல்ல இதைப் பாத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது எனக்கு 43 வயது. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை.

அதன்பின் ஒன்றரை வருடம் தட்டுத் தடுமாறினேன். "உப்பைக் குறைங்க, நடங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படிக் குறைப்பது, எவ்வளவு குறைந்தால் போதும், குறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. இன்று கையில் சீட்டோடு வீட்டுக்கு வந்து, நாளை காலை என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தூத்துக்குடிக்காரி. உப்பு விளையும் ஊர். உப்போடு நான் பட்ட பாட்டைத்தான் இதில் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. முதல் வாரம்: உங்கள் உண்மையான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒரே ஒரு தடவை பார்த்த அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். நான் பல்வலியோடு இரண்டு மாடி ஏறிப் போய் உட்கார்ந்த உடனே பார்த்த எண் அது. ஆஸ்பத்திரியில் வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக் கொதிப்பு. வீட்டில் நிதானமாகப் பார்க்கும்போது அளவு சற்றுக் குறைவாக வரும் என்பதால், அங்கே 135/85தான் எல்லைக்கோடு. 180/120ஐத் தாண்டினால் மட்டும் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கும் பேச்சே இல்லை, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் மிஷின் வாங்குங்கள். 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். மேல் கையில் சுற்றுகிற மிஷினாகப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கையை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலே அளவு மாறிவிடும். வாங்கும் முன் தையல் டேப்பால் மேல் கையின் நடுப்பகுதியை அளந்துகொண்டு போங்கள். மிஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான் பொருந்தும். என் கை 34. இது தெரியாமல் நாலு மாதம் இறுக்கமான பட்டையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை தனியாகவும் விற்கிறார்கள்.

பார்க்கும் முறை இது. அரை மணி நேரம் முன்னாலிருந்தே காபி, டீ, புகை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள். கட்டில் விளிம்பு, தரை, முக்காலி சரிப்படாது. பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். செல்போனையும் தள்ளி வையுங்கள். பட்டை துணிமேல் இல்லாமல் வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி கையை மேஜையில் வையுங்கள். அளக்கும்போது பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள்.

காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று ஏழு நாள் பாருங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு, மீதி ஆறு நாளின் சராசரியை எடுங்கள். அதுதான் உங்கள் எண். தொடக்கத்தில் ஒரு நாள் இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை. அளவு கூடக் காட்டிவிட்டால் மனசு கேட்காமல் திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றும். ஒரு நாள் ராத்திரி நான் பதினொரு தடவை பார்த்தேன். பயம் ஏற ஏற எண்ணும் ஏறியது. இரண்டு முறை பார்த்தாயிற்றா, மிஷினை மூடி வைத்துவிடுங்கள்.

2. டாக்டரிடம் போகும்போது: காகிதம், பரிசோதனை, செலவு

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போடுங்கள். ஏழு நாள் எண் எழுதிய தாள், பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். தைராய்டு, மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் விடாதீர்கள். முதல் தடவை மிஷினையும் கொண்டுபோங்கள். டாக்டரின் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் வீட்டு அளவை நம்பலாம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. ஆதார் அட்டையும் போன் நம்பரும் போதும், சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நடமாட்டம் குறைந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், உங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயர் கொடுத்துவையுங்கள்.

நான் தனியார் டாக்டரிடம் போனேன். ஃபீஸ் 400 ரூபாய், முதல் முறை பரிசோதனைக்கெல்லாம் சேர்த்து 1,600 ஆனது. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம், ஈசிஜி இவையெல்லாம் பார்க்க வேண்டியவை. சிறுநீர்ப் பரிசோதனையைப் பலர் "அது எதுக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

மாத்திரை எழுதும்போது கம்பெனி வைத்த பெயரோடு, மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் அதே மருந்து பல மடங்கு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மாதம் 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது 50 ரூபாய்க்குள் முடிகிறது. ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய பொருள் இது, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாலோ அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெல்மிசார்டன் போன்ற சில பிரஷர் மாத்திரைகள் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும்.

3. உப்பு: அளக்காமல் குறையாது

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். தலை தட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், மிக்சர், ஹோட்டல் சாப்பாடு எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

சமைக்கிறவளுக்கு இந்த டீஸ்பூன் கணக்கு எதற்கும் உதவவில்லை. நாலு பேருக்கு ஒரே சட்டியில் குழம்பு வைக்கிறேன், கையால் அள்ளிப் போடுகிறேன். இதில் என் பங்கு எத்தனை கிராம் என்று எங்கே போய்ப் பார்ப்பது? கடைசியில் கைகொடுத்தது ஒரு மார்க்கர் பேனாதான். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரிக்கிற அன்று அதன்மேல் தேதியை எழுதினேன். தீர்ந்த அன்று எண்ணிப் பார்த்தால் 21 நாள். 1,000 கிராமை நாலு பேருக்கும் 21 நாளுக்கும் வகுத்தால் ஆளுக்குத் தினம் 12 கிராம் வருகிறது. "நம்ம வீட்டுல உப்பு கம்மிதான்" என்று அதுவரை சத்தியம் செய்திருப்பேன்.

நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். ஒரு பாக்கெட் தீரும்வரை எதையும் மாற்றாமல், எத்தனை நாள் வருகிறது என்று மட்டும் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ 50 நாள் வந்தால் ஆளுக்கு 5 கிராம். கல் உப்பைப் படிக்கணக்கில் வாங்குகிறவர்கள் எடை போட்டு ஒரு கிலோவைத் தனி ஜாடியில் கொட்டி, ஜாடியில் தேதி ஒட்டுங்கள். எங்கள் பக்கம் மீன் கழுவக் கல் உப்பு நிறையப் போகும். அதற்கு வேறு டப்பா வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கே குழம்பிவிடும். உப்பளத்திலிருந்து நேராக வரும் உப்பில் அயோடின் சேர்த்திருக்காது. அதனால் சமையலுக்கு அயோடின் சேர்த்த பாக்கெட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது குறைப்பது. முதல் முறை நான் ஒரே நாளில் எல்லாவற்றிலும் பாதியாக்கினேன். நாலாவது நாள் என் கணவர் தட்டுப் பக்கத்தில் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அத்தை தனக்கென்று ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதோடு அந்த முயற்சி முடிந்தது. இரண்டாவது தடவை யாரிடமும் சொல்லாமல் படிப்படியாகக் குறைத்தேன்.

முதலில் சாதத்துக்கு வைக்கும் உலை, சப்பாத்தி மாவு, மோர் இந்த மூன்றிலும் உப்பை அறவே நிறுத்தினேன். குழம்பிலும் பொரியலிலும் உப்பு இருப்பதால் இது யாருக்கும் தெரியவே இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பொரியல், கூட்டு. காய் வேகும்போது போடாமல், இறக்கும் நேரத்தில் பாதி அளவு தூவினால் உப்பு மேலாக நின்று நாக்கில் உடனே தட்டும். அதோடு எலுமிச்சை பிழிவது, மாங்காய்த் துண்டு போடுவது, மிளகு, சீரகம், பூண்டு கொஞ்சம் தூக்கலாகச் சேர்ப்பது. அதன்பின் இட்லி மாவும் சட்னியும். கடைசியாகத்தான் குழம்பு, ரசம். கை அளவை விட்டு அரை டீஸ்பூன் கரண்டி ஒன்றை உப்பு ஜாடிக்குள்ளேயே போட்டுவிட்டேன். ஐந்தாறு வாரத்தில் நாக்கு பழகிவிடுகிறது. ஒரு நாள் அத்தை, "குழம்பு நல்லாருக்கும்மா, ரசத்துலதான் லேசா உப்பு கம்மி" என்றார்கள். நான் குறைத்திருந்தது இரண்டிலும்.

பாக்கெட் 21 நாளிலிருந்து 26 ஆனது, பிறகு 31, ஆறு மாதத்தில் 45. முக்கியமாக, எனக்கென்று தனிச்சமையல் செய்யவில்லை. தனிச்சட்டி வைத்தால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஒரே சட்டியில் குறைத்தால் வீடு முழுக்கப் பயன்பெறும்.

இனி, பாக்கெட் கணக்கில் வராத உப்பு. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, காராச்சேவு, சிப்ஸ், நூடுல்ஸ், பிரெட், சாஸ், பரோட்டா சால்னா. கருவாட்டை விட முடியாத ஊர் எங்களுடையது. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் வேறு உப்பே போடாமல், மாதம் ஒருமுறை வைக்கிறேன். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். பாக்கெட் பண்டங்களின் பின்பக்கம் சோடியம் அளவு போட்டிருப்பார்கள். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருந்தால் அது உப்புப் பண்டம், திரும்பக் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டு இடத்தில் நிறையப் பேர் விழுகிறார்கள். ஒன்று, இந்துப்பு. "இது இயற்கை, பிரஷர் ஏறாது" என்று சொல்லி விற்கிறார்கள். அதுவும் ஏறக்குறைய முழுக்க அதே சோடியம் குளோரைடுதான். கூடுதல் விலை கொடுத்து மூன்று மாதம் தாராளமாகப் போட்டேன், பிரஷர் இம்மியும் இறங்கவில்லை. இன்னொன்று, சோடியம் குறைந்த உப்பு. அதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. பலருக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

4. தட்டில் எது கூட வேண்டும்

இது சுலபம், சுருக்கமாகச் சொல்கிறேன். சாதத்தைக் குறைத்து, தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் வையுங்கள். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, பீன்ஸ், பூசணி, சுரைக்காய் என்று விலை மலிந்ததே போதும். தினம் இரண்டு பழம், உப்பில்லாத மோர், பயறு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இவற்றில் உள்ள பொட்டாசியம் சோடியத்தை உடம்பிலிருந்து வெளியேற்ற உதவுகிறது. சிறுநீரகம் சரியில்லாதவர்கள் மட்டும் இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாவற்றுக்கும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் நல்லதுதான். ஆனால் ஒரு சொம்பு கூழுக்குக் கைநிறைய உப்பும், மோர் மிளகாயும், மாங்காய் ஊறுகாயும் சேர்ந்தால் அது பிரஷர் சாப்பாடாக ஆகாது.

5. நடை, எடை, தூக்கம்

வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகநடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். மொத்தமாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டு வேலையில் நடக்கிறேனே என்று நானும் சொன்னேன். அந்த நடையில் மூச்சு வாங்குவதில்லை, அதனால் அது வேறு.

எடை அதிகம் இருப்பவர்களுக்கு ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் (140/90 என்றால் அந்த 140) சுமார் ஒன்று குறையும். நான் ஆறு கிலோ குறைத்தேன், எட்டு மாதம் ஆனது.

சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்கள், பகலெல்லாம் தூங்கி வழிகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் கோளாறும் பிரஷரை இறங்கவிடாது. குடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை மூன்றையும் விடத்தான் வேண்டும், இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

6. மாத்திரை: என் மிகப்பெரிய தவறு

உப்பு குறைந்து, மாத்திரையும் சாப்பிட்டு, 128/82 வந்ததும் "சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் 172/106. டாக்டர் திட்டவில்லை. "எண் நல்லா வந்ததே மாத்திரையாலதான்மா" என்று மட்டும் சொன்னார். சாப்பாடும் நடையும் நன்றாக நிலைத்தபின் சிலருக்கு அளவைக் குறைக்கலாம், மிக லேசாக இருந்தவர்களுக்கு நிறுத்தவும் செய்யலாம். அதை முடிவு செய்வது உங்கள் நோட்டைப் பார்த்த டாக்டராக இருக்கட்டும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தாமல், மாற்றிக் கேளுங்கள். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். ராமிப்ரில், எனலாப்ரில் வகை சிலருக்கு வறட்டு இருமல் தரும். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் உடனே சொல்லுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

பிரஷரை ஏற்றிவிடும் வேறு பொருள்களும் உண்டு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகள், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகள், வாயுவுக்குக் குடிக்கும் சோடா உப்புப் பொடி. இதோடு அதிமதுரம். தொண்டைக்கட்டுக்குத் தினமும் மென்றால் அது பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். மெடிக்கலில் எதை வாங்கினாலும் "எனக்கு பிரஷர் இருக்கு" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

7. எப்போது ஓட வேண்டும்

180/120ஐத் தாண்டிக் காட்டினால், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டாவது முறையும் அப்படியே இருந்து, வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து அவசரமாக இறக்கப் பார்க்காதீர்கள். சடாரென்று இறங்குவதும் மூளைக்கு ஆபத்து.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கைகால் வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் எண் எதுவாக இருந்தாலும் 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதனால் தொந்தரவு தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.

8. எப்போது என்ன

மாத்திரை தொடங்கியதும் அல்லது மாற்றியதும் நாலு வாரத்தில் மறுபடி டாக்டர். அதற்கு முந்தைய ஏழு நாள் அளவுகள் ஃபைலில் இருக்க வேண்டும். பலருக்கு 140/90க்குக் கீழே, முடிந்தால் 130/80க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். உங்களுக்கு எது என்று கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண் நிலைத்துவிட்டால் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும்.

கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் புரதம், ஈசிஜி, சர்க்கரை, கொழுப்பு இவை வருடம் ஒருமுறை. அந்த வருடப் பரிசோதனையோடு கண் டாக்டரிடம் போய் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்டாமல் யாரையாவது துணைக்கு அழைத்துப் போங்கள். மிஷினையும் அன்றே எடுத்துப்போய் டாக்டரின் கருவியோடு மறுபடி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், பேட்டரியும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.